ஊருக்கு எல்லாரும் சேர்ந்து எப்போது போவது? பொங்கல், பங்குனி உத்திரம், மே கொடை, தீபாவளி: மும்பை நெல்லைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், கல்யாண் என்று எங்கே நாலு நெல்லைக்காரர்கள் சேர்ந்தாலும் ஐப்பசி பிறந்ததும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "இந்தத் தடவ எல்லாரும் ஒண்ணா ஊருக்குப் போகணும். எப்பம் போலாம்?" அண்ணன் பொங்கல் என்பார். மதினி மே மாதம், ஊர்க்கோயில் திருவிழாவான கொடை என்பார். குலசாமிக்கு நேர்ந்துகொண்ட பெரியம்மா பங்குனி உத்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். பேசி முடிப்பதற்குள் ரயில் முன்பதிவு திறந்து, நல்ல இடமெல்லாம் போய்விடும்.

போன மாதம் மட்டும் மூன்று வீட்டில் என்னிடம் இதைக் கேட்டார்கள். கல்யாணமாகி நான் செம்பூர் வந்து 26 வருடம் ஆகிறது. பிறந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், புகுந்த வீடு ஏரல் பக்கம். கீழே சொல்லும் நான்கு காலத்திலும் பிள்ளைகள், மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று பட்டாளமாகப் போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

## தேதிக்கு முன்னால் கேட்க வேண்டியவை

எல்லா வீட்டிலும் விடுமுறையைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் கேட்க வேண்டியது, யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது. "சொந்தக்காரங்க எல்லாரையும்" என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் ஊரில் பங்காளிகள் கூடுகிற நாள் வேறு, பிறந்த வீட்டுக்குப் பெண்மக்கள் வந்து சேருகிற நாள் வேறு. இரண்டும் ஒரே நாளில் அமைவது அபூர்வம். இது தெரியாமல் தேதி குறித்தால், 2 இரவு ரயிலில் கிடந்து போய், பார்க்க நினைத்தவரைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஊரில் இருப்பவர்களுக்கு அப்போது ஓய்வு இருக்குமா? நமக்கு லீவு என்பதால் அவர்களுக்கும் லீவு ஆகிவிடாது. வயல், கடை, பிள்ளைகளின் பரீட்சை, சீர் கொண்டுபோகும் அலைச்சல் எல்லாம் அவர்களுக்கு உண்டு.

அடுத்து இரண்டு பள்ளிக்கூடங்களின் நாட்காட்டி. மகாராஷ்டிராவில் கோடை விடுமுறை ஜூன் பாதி வரை போகும். தீபாவளிக்கும் நீண்ட விடுமுறை உண்டு. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். தீபாவளிக்கு ஓரிரு நாள்தான். பொங்கலுக்கு அங்கே நாலைந்து நாள் கிடைக்கும், இங்கே சங்கராந்திக்கு அப்படிக் கிடைக்காது.

பிறகு பயணச்சீட்டு, வயதானவர்களின் உடம்பு, ஊர் வீட்டில் தண்ணீர், கழிப்பறை, படுக்கை இடம். செலவைத் தனியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு மறைவான செலவு இருப்பதால் அந்தந்த இடத்தில் வருகிறது.

## பொங்கல்

மனசு முதலில் ஓடுவது பொங்கலுக்குத்தான். முற்றத்தில் அடுப்புக்கட்டி, பனை ஓலை எரித்துப் பொங்கல் விடுவது, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, மறுநாள் கரிநாள். மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடையாது. வெயில் கொல்லாது, மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் பச்சையாக நிற்கும்.

ஆனால் பொங்கல் அவரவர் முற்றத்துப் பண்டிகை. உறவு கூடும் பண்டிகையாக அதை நம்பிப் போகாதீர்கள். அன்று காலையில் யாரும் தன் வீட்டு வாசலை விட்டு நகர மாட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பொங்கல்படி என்னும் சீர் கொண்டுபோகும் அலைச்சல். ஒரு பொங்கலுக்கு நான் பிறந்த வீட்டில் 4 நாள் இருந்தேன். என் அண்ணன் அந்த நாலு நாளில் தங்கச்சிமார் வீடு, அத்தை வீடு என்று கரும்பும் அரிசியும் பாத்திரமுமாக ஓடிக்கொண்டே இருந்தார். ஒரு வேளைகூட என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ரயிலேற்ற வந்தபோதுதான் நடைமேடையில் 20 நிமிஷம் பேசினோம்.

சீட்டுக் கஷ்டமும் இதில்தான் அதிகம். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் ஆட்கள் எல்லாரும் அதே நாளில் தெற்கே இறங்குவார்கள். போவதைவிடக் கரிநாள் கழிந்து திரும்புவதுதான் பாடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போகும். 10ஆம் வகுப்புப் பிள்ளை இருந்தால் ஜனவரியில் மாதிரித் தேர்வு வேறு. மறைவான செலவு என்றால், நேரில் போய் நிற்கும்போது படி கொடுக்காமல் இருக்க முடியாது. தெருவில் விளையாட்டுப் போட்டி நடத்தும் பையன்கள் "பம்பாய்க்காரங்க" என்று நோட்டோடு வருவார்கள், அவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வராது.

அம்மா அப்பா மட்டும் ஊரில் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாரும் மும்பையிலேயே இருக்கிறோம் என்றால் பொங்கலை விடாதீர்கள். அந்த ஒரு முற்றம் நிறைந்தால் போதும் என்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. வீட்டில் தலைப்பொங்கல் இருந்தாலும், வெயில் தாங்காத பெரியவரைக் கூட்டிப் போவதானாலும் இதுதான்.

## பங்குனி உத்திரம்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கே பிழைக்கப் போனாலும் அன்றைக்குத் தன் குலசாமியான சாஸ்தாவின் கோயிலில் போய் நிற்க வேண்டும். குளக்கரையிலோ உடைமரக் காட்டுக்குள்ளோ, வருடம் முழுவதும் ஆளில்லாமல் கிடக்கும் கோயிலில் அன்று மட்டும் வேனும் காருமாக நிற்கும். 3 தலைமுறையாகப் பார்க்காத பங்காளிகூட அங்கே பக்கத்து அடுப்பில் பொங்கல் விட்டுக்கொண்டிருப்பார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூடத் திருநீறு வாங்க ஒரே வரிசையில் நிற்க வேண்டும். என் மாமனாரும் அவருடைய சித்தப்பா மகனும் 11 வருஷப் பகையை அப்படி ஒரு உத்திரத்தில்தான் விட்டார்கள். ஒரு செம்புத் தண்ணீரில் முடிந்தது அது.

ஆனால் குலசாமி ஆண்வழியில் போவது. கல்யாணமான பெண் தன் வீட்டுக்காரரின் சாஸ்தா கோயிலுக்குத்தான் போவாள். அன்று நான் ஏரல் பக்கம் நிற்பேன், என் அக்கா வள்ளியூர்ப் பக்கம், அண்ணன் எங்கள் பிறந்த வீட்டுக் கோயிலில். மூன்று பேரும் ஒரே நாளில் ஊரில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் தங்கச்சி கூட வேண்டும் என்று நினைப்பவர்கள் உத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால், முன்னே பின்னே 2 நாள் கூடுதலாகச் சேர்த்தால்தான் அது நடக்கும்.

உத்திரம் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வரும். ஊரில் அதுதான் 10, 12ஆம் வகுப்பு அரசுத் தேர்வுக் காலம். இங்கே மத்திய வாரியப் பள்ளிகளில் பழைய வகுப்பு முடிந்து ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும். அந்த இடைவெளியில் விழுந்தால் அதிர்ஷ்டம். மாநில வாரியப் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் காத்திருக்கும்.

வயதானவர்களுக்கு அந்த ஒரு நாள் கடினம். நிழலுக்கு ஒரு சாமியானா, கழிப்பறை பெரும்பாலும் கிடையாது, பங்குனி வெயில். போன தடவை மாமியாரைக் காலை 6 மணிக்கே கூட்டிப் போய், கும்பிட்டுவிட்டு 9 மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வேனை 2 மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அன்றைக்கு வாடகை கூடும், ஓட்டுநர் பேட்டா தனி.

ஒருநாள் கூட்டம் போதும், பங்காளிகளைப் பார்க்க வேண்டும், நேர்த்திக்கடன் இருக்கிறது, பிள்ளைக்கு முடியிறக்க வேண்டும் என்பவர்களுக்கு உத்திரம். வேலையில் 6 நாளுக்கு மேல் லீவு கிடைக்காதவர்களுக்கும் இது ஒத்துவரும், போனதன் பலன் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

## மே மாதமும் ஊர்க்கொடையும்

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லும் முடிவும் இதுதான்.

இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக நீண்ட விடுமுறை கிடைக்கும் ஒரே காலம் மே. பிசான அறுப்பு முடிந்து, கார் பருவ நடவு தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி. வயல்காரர்கள் சும்மா இருப்பார்கள். அதோடு சித்திரை, வைகாசியில் பல ஊர்களில் அம்மன் கொடையும் சுடலைமாடன் கொடையும் வரும்.

கொடையில் எனக்குப் பிடித்தது, அது ஆட்களை ஒரே தெருவில் 3 நாள் கட்டிப்போட்டுவிடுவது. கொடைக்குப் பந்தக்கால் நாட்டியபின் ஊரைவிட்டுப் போய் வெளியில் ராத் தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். உள்ளூர்க்காரர் எங்கும் போக மாட்டார். கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேருவார்கள். குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று ராத்திரி முழுவதும் யாரும் தூங்குவதில்லை. ஒரு பாயை விரித்துக்கொண்டு வில்லுப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அக்கா வந்து உட்காருவாள், சித்தி மகள் வருவாள், யாரோ சுக்குக்காப்பி கொண்டுவருவார்கள். விடியும்வரை பேச்சு ஓடும். 26 வருஷத்தில் என் அக்காவோடு நான் மனசுவிட்டுப் பேசியதெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்துதான். மறுநாள் மஞ்சள் நீராட்டில் மும்பைப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் துரத்தும்போது இந்திக்காரப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்ற வேறுபாடே தெரியாது. என் மகன் தமிழில் கோபப்படக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இனிக் கஷ்டங்கள். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். ஓட்டுவீடு தாங்கும், தளம் போட்ட வீடு பகலில் அடுப்பாகக் காயும். கிணறு வற்றியிருக்கும். ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் 22 பேர் இறங்கினால் முதல் நாள் காலையிலேயே சண்டை வரும். எங்கள் அனுபவத்தில் ஒரு வாரம் முன்னால் யாராவது ஒருவர் போய் மோட்டாரை ஓட்டிப் பார்த்து, தொட்டியைக் கழுவி, பூட்டிக்கிடந்தால் பக்கத்து வீட்டையும் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். முடியாதவர்கள் வள்ளியூரிலோ திருநெல்வேலியிலோ 2 அறை எடுத்து, பெரியவர்களை ராத்திரி அங்கே படுக்கவைக்கலாம். அந்தப் பணத்தை வீண்செலவென்று நினைக்காதீர்கள். பதநீரும் நுங்கும் கிடைக்கும் காலம் என்பது ஓர் ஆறுதல்.

வரியும் உண்டு. தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். மும்பையில் இருந்தாலும் தலைக்கட்டு தலைக்கட்டுதான். நேரில் வந்தவர்களிடம் அன்னதானம், வில்லு, மேளம் என்று ஒன்றை ஏற்றுக்கொள்ளச் சொல்வார்கள். எவ்வளவு தர முடியும் என்பதை ரயில் ஏறுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அங்கே நின்றுகொண்டு கணவனும் மனைவியும் கண்ணால் பேசிக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், கொடை நிச்சயமில்லாதது. ஊரில் தகராறு வந்தால் அந்த வருஷம் கொடை கிடையாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. ஒரு வருஷம் 14 பேருக்குச் சீட்டு எடுத்திருந்தோம். 12 நாள் முன்னால் சித்தப்பா தவறிவிட்டார். சீட்டை ரத்து செய்யவா என்று எல்லாரும் கேட்டார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். கொடைக்குக் குறித்த பயணத்தில் சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் நின்றோம். சித்தி அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் வந்ததே போதும்ளா" என்று சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

## தீபாவளியும் டிசம்பரும்

மும்பைப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை என்பதால் பலர் தீபாவளிக்குக் கிளம்புகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் மூன்றாம் நாளே பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், நம் பிள்ளைகள் திண்ணையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரமும் அதுதான்.

டிசம்பர் கடைசியில் தமிழ்நாட்டில் அரையாண்டு விடுமுறை, இங்கே பல பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விடுமுறை. பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை, அவர்கள் யோசிக்கவே வேண்டாம். மற்றவர்கள் மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் ஏறத்தாழ 2 நாள் அங்கேயே தவித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படி நடக்காது. ஆனாலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களோடு போகிறவர்கள் 10 நாள் மாத்திரையைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போக வேண்டிய காலம் அது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில் போகும் வழக்கமுள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அது காட்டுக்குள், ஆற்றங்கரையில் தங்கும் பயணம். வேண்டுதல் இருந்தால் போங்கள், குடும்பக் கூடலுக்கு என்று போக வேண்டாம். கல்யாணத்தோடு சேர்த்துப் போவதும் அப்படித்தான், கல்யாண வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

## ஒரே பார்வையில்

| | பொங்கல் | பங்குனி உத்திரம் | மே கொடை | தீபாவளி, டிசம்பர் |
|---|---|---|---|---|
| யாரைப் பார்க்கலாம் | சொந்த வீட்டாரை | பங்காளிகளை | பிறந்த வீடு, பெண்மக்கள், தெரு முழுவதும் | சொந்த வீட்டாரை |
| ஊர்க்காரர் ஓய்வு | குறைவு | ஒரு நாள் | 3 நாளுக்கு மேல் | தீபாவளிக்குக் குறைவு, டிசம்பரில் பரவாயில்லை |
| மும்பைப் பிள்ளைகள் | ஒரு வாரம் போகும் | தேதியைப் பொறுத்தது | முழு விடுமுறை | விடுமுறை |
| ஊர்ப் பிள்ளைகள் | விடுமுறை | அரசுத் தேர்வு | முழு விடுமுறை | தீபாவளிக்கு ஓரிரு நாள், டிசம்பரில் உண்டு |
| சீட்டு | மிகக் கடினம் | நடுத்தரம் | கடினம் | கடினம் |
| உடம்புக்கு | நல்லது | ஒரு நாள் வெயில் | கடும் வெயில் | மழை |
| மறைவான செலவு | பொங்கல்படி, நன்கொடை | வேன், கூடுதல் 2 நாள் | வரி, தங்கும் அறை, தண்ணீர் | மழையில் தேதி மாற்றம் |

## ரயிலா, விமானமா

எந்த மாதமானாலும் இந்தக் கேள்வி உண்டு. வி.டி. (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) நிலையத்திலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், தாதரிலிருந்து திருநெல்வேலிக்குச் சாளுக்கியா எக்ஸ்பிரஸ். இரண்டும் தினசரி கிடையாது, இரண்டிலும் 2 இரவும் ஒரு முழுப் பகலும் ஆகும். வசாய், விரார் பக்கம் இருப்பவர்களுக்குக் கொங்கண் பாதையில் வரும் காந்திதாம், ஜாம்நகர் வண்டிகள் வசதி. ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வண்டி மெதுவாகத்தான் போகும்.

2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. ஒரு பயணச்சீட்டில் 6 பேர்தான். பலருக்குத் தெரியாதது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் அது உண்டு, ஆனால் தனியாகவோ இருவராகவோ எடுத்தால்தான். பேரப்பிள்ளைகளோடு ஒரே சீட்டில் மாமனார், மாமியாரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது, நடுப்படுக்கையில் ஏற்றி இறக்கும் பாடு நமக்கு. அவர்கள் இருவருக்கும் தனிச்சீட்டு எடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம். 5 முதல் 12 வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு விமானம்தான் நல்லது. வள்ளியூர், நாங்குநேரி, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரத்தில் இறங்கலாம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக்கு மதுரை. தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையமும் பக்கம்தான், ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ மாற வேண்டும். விமானக் கட்டணத்தோடு, விமான நிலையத்திலிருந்து ஊருக்கு டாக்ஸி வாடகையைப் போகவரக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் சில வருஷம் பெரியவர்கள் இருவரையும் கொழுந்தனோடு விமானத்தில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் ரயிலில் போகிறோம். பிள்ளைகளுக்கும் ரயில்தான் பிடிக்கிறது. சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை எல்லாம் ஒரே பெட்டியில் என்றால் ஊர் போவதற்கு முன்பே பாதிக் கூடல் முடிந்துவிடும்.

## நாள் குறிக்கும் முறை

கொடைக்கு என்று முடிவெடுத்தால், மாசியிலேயே ஊருக்குப் போன் போட்டு "சித்திரை கடைசிச் செவ்வாயா, வைகாசியா?" என்று கேளுங்கள். பல ஊர்களில் கிழமை மாறாது என்பதால் கால் நாட்டும் முன்பே தேதி தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, கொடை மே 12 செவ்வாய் என்றால், 9ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறி 11ஆம் தேதி திங்கள்கிழமை இறங்க வேண்டும். அந்த வண்டிக்கு முன்பதிவு மார்ச் 10 காலை 8 மணிக்குத் திறக்கும். நாங்கள் 14 பேரும் ரயிலில் போகிற வருஷம் 3 கைப்பேசியில் 3 பேர் உட்காருவோம்: கொழுந்தன் 6 பேருக்கு, நான் 6 பேருக்கு, வீட்டுக்காரர் பெரியவர்கள் இருவருக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில். பெயர், வயது எல்லாவற்றையும் முதல் நாள் ராத்திரியே கணக்கில் ஏற்றி, ஆதாரை இணைத்து வைத்துவிடுவோம். திரும்பும் சீட்டுக்கு எந்த நாள் காலையில் உட்கார வேண்டும் என்பதையும் அன்றைக்கே நாட்காட்டியில் வட்டம் போட்டு, அடுப்படிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.